அமெரிக்க விடுதலைப் போர்: சிப்பாய்க்குச் சம்பளம் ஏன் நேரத்துக்கு வரவில்லை?

கடற்காகம் (இழையைத் தொடங்கியவர்)

பிரிட்டிஷ் படை தோற்ற யார்க்டவுன் முற்றுகையைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் தொண்டையில் மாட்டிக்கொண்டது. 1781 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் வடக்கிலிருந்து வர்ஜீனியாவுக்குப் படையை நகர்த்துகிறார். வழியில் நிதித்துறைப் பொறுப்பாளர் ராபர்ட் மாரிஸுக்குக் கடிதம் எழுதுகிறார்: வடபகுதிப் படைப்பிரிவுகள் தெற்கே வர முணுமுணுக்கின்றன, ஒரு மாதச் சம்பளத்தை ரொக்க நாணயமாகக் கொடுத்தால்தான் சரிப்படும். மாரிஸிடம் காசு இல்லை. பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவின் கஜானாவிலிருந்து 20,000 டாலர் கடன் வாங்கித்தான் செப்டம்பரில், ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில், சம்பளம் கொடுக்கிறார்கள்.

கனெக்டிகட்காரரான ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற சாதாரணச் சிப்பாய் 15 வயதில் படையில் சேர்ந்தவர். வயதான பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் இந்த ஒரு மாதச் சம்பளத்தைச் சொல்லிவிட்டு, 1776-க்குப் பிறகு பணம் என்று சொல்லும்படி சம்பளமாகக் கையில் வாங்கியது இதுதான், அதற்குப் பிறகும் வாங்கவில்லை என்கிறார்.

மாதம் 6⅔ டாலர் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். எட்டு வருஷம் நடந்த போரில் அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்காமல் ஒரு படையை எப்படிக் கட்டிக்காத்தார்கள்? காசே இல்லையா, இருந்தும் கொடுக்கவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்காந்தள்

காசு இல்லை, அவ்வளவுதான். காங்கிரஸுக்கு, அதாவது பதின்மூன்று மாநிலங்களின் பிரதிநிதிகள் சபைக்கு, வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. அதனால் 1775-லிருந்து நோட்டு அச்சடித்தே போரை ஓட்டினார்கள். 1779 செப்டம்பரில் 20 கோடி டாலருக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று காங்கிரஸே வரம்பு கட்ட வேண்டிய நிலை. 1780 மார்ச்சில் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அதிகாரபூர்வமாகவே ஒப்புக்கொண்டார்கள். 1781 நடுவில் அந்த நோட்டைக் கடைக்காரன் தொடவே இல்லை.

ஆகவே சம்பளம் "வரவில்லை" என்பது பாதிக் கதை. வந்த மாதங்களிலும் வந்தது வெறும் காகிதம்.

பொருநை

செங்காந்தள் சொன்னதற்கு ஒரு உதாரணம். 1779-இல் நியூஜெர்சி படைப்பிரிவு அதிகாரிகள் தங்கள் மாநில சட்டசபைக்கு ஒரு மனு எழுதினார்கள். சிப்பாயின் நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்தாலும் அவன் குடும்பத்துக்கு ஒரு புஷல் கோதுமை வாங்க முடியாது. கர்னலின் சம்பளம் அவர் குதிரைக்கு ஓட்ஸ் வாங்கக்கூடப் போதாது என்று அதில் இருக்கிறது. ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ. நான்கு மாதம் துப்பாக்கி தூக்கினால் வீட்டுக்கு ஒரு மூட்டை மாவு கிடையாது!

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு படைப்பிரிவின் அதிகாரிகள், சட்டசபை ஏதாவது செய்யாவிட்டால் ராஜினாமா என்று நாள் குறித்தார்கள். உடனே பணம் பிறந்தது. சிப்பாய்க்கு 40 டாலர், அதிகாரிக்கு 200 பவுண்டு. ஆக, மாநிலங்களிடம் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. கழுத்தில் கத்தி வைத்தால் எடுக்கும் அளவுக்கு இருந்தது.

பழைய பில் கிளார்க்

கடற்காகம் தம்பி, நல்ல கேள்வி. நான் முப்பது சொச்சம் வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன். அதனால் எனக்கு உடனே கண்ணில் படுவது காசு இல்லை, காகிதம்.

அந்தப் படையில் ஒருவனுக்குச் சம்பளம் போக என்ன வழி என்று பாருங்கள். மாதாமாதம் கம்பெனியை வரிசையில் நிறுத்தித் தலை எண்ணி மஸ்டர் ரோல் எழுத வேண்டும். செத்தவன், ஓடிப்போனவன், ஆஸ்பத்திரியில் கிடப்பவன், விடுப்பில் போனவன் எல்லாம் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மஸ்டர் அதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டும். அதை வைத்துக் கேப்டன் சம்பளப் பட்டியல் போட வேண்டும். 1776 ஜூலையில்தான் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் தனியாகப் பேமாஸ்டர், அதாவது சம்பளப் பட்டுவாடா அதிகாரி, வைக்கலாம் என்று காங்கிரஸ் முடிவு செய்தது. அவர் எல்லாக் கம்பெனிப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து மேலே அனுப்ப வேண்டும். தளபதி, அதாவது வாஷிங்டனே, வாரண்டில், அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் உத்தரவில், கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் தலைமைப் பேமாஸ்டர் பெட்டியைத் திறப்பார்.

இதில் ஒரு கேப்டன் பட்டியலை நேரத்துக்குத் தராவிட்டால் அந்தக் கம்பெனி முழுக்கப் பட்டினி. அந்தக் கேப்டன்களில் பலர் விவசாயிகள், கடைக்காரர்கள். குளிரில் மை உறைகிற கூடாரத்தில் உட்கார்ந்து மூன்று பிரதி எழுது என்றால் யார் எழுதுவார்கள்? எங்கள் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய பில்லே ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காக ஆட்சேபணையோடு திரும்பி வரும். மாதம் முதல் தேதி போய் பத்தாம் தேதி ஆகும். அந்தப் பத்து நாளும் கடைநிலை ஊழியர்கள் என் மேஜையைச் சுற்றி வருவார்கள், அதிகாரி அறைப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள்.

தலைமைப் பேமாஸ்டர்கள் கதையும் வேடிக்கை. முதல் ஆள் ஜேம்ஸ் வாரன் சில மாதத்தில் விட்டுவிட்டார். அடுத்தவர் வில்லியம் பால்ஃப்ரே, நான்கரை வருஷம் இழுத்தார். 1780 டிசம்பரில் கன்சலாக, அதாவது வணிகத் தூதராக, பிரான்சுக்குக் கப்பல் ஏறினார், அந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவதாக ஜான் பியர்ஸ். இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

செங்காந்தள்

சார், காகித வேலை தாமதம் ஒரு மாதம், இரண்டு மாதம் என்றால் நம்பலாம். பென்சில்வேனியா படைப்பிரிவுக்குப் பன்னிரண்டு மாதம் பாக்கி. அதை மஸ்டர் ரோல் தலையில் கட்ட முடியாது.

பழைய பில் கிளார்க்

கட்டவில்லை அம்மா. காசு வந்த காலத்திலேயே ஏன் தாமதமானது என்றுதான் சொன்னேன்.

பொருநை

பென்சில்வேனியா பேச்சு வந்துவிட்டது, அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என்னைக் கேட்டால் போரின் பெரிய சண்டைகளைவிட முக்கியமானது இதுதான்.

1781 ஜனவரி 1, இரவு. இடம் நியூஜெர்சியில் மாரிஸ்டவுன் பக்கம் ஜாக்கி ஹாலோ முகாம். பென்சில்வேனியா படைப்பிரிவில் சுமார் 2,400 பேர். ஒரு வருஷமாகச் சம்பளம் இல்லை, துணி இல்லை. அதோடு இன்னொரு குமுறல். 1777 வாக்கில் இவர்களைச் சேர்க்கும்போது எழுதிய ஒப்பந்தம் "மூன்று ஆண்டுகள் அல்லது போர்க்காலம்" என்று இருந்தது. மூன்று வருஷம் முடிந்தது, விடு என்றார்கள் சிப்பாய்கள். போர் முடியவில்லை, இரு என்றார்கள் அதிகாரிகள். இவர்கள் வாங்கிய சேர்ப்புப் பணம் 20 டாலர்தான்; புதிதாகச் சேர்பவனுக்கு அதைப்போலப் பல மடங்கு, அதுவும் இவர்கள் கண்ணெதிரே.

அன்றிரவு துப்பாக்கி, பீரங்கியோடு கிளம்பினார்கள். தடுத்த அதிகாரிகளில் கேப்டன் ஆடம் பெட்டின் கொல்லப்பட்டார். ஜெனரல் அந்தோணி வெய்ன் நெஞ்சைத் திறந்து காட்டியும் நிற்கவில்லை. சுமார் 1,500 பேர் சார்ஜெண்டுகள் குழு ஒன்றின் தலைமையில், அணிவகுப்பு குலையாமல், பிரின்ஸ்டனுக்கு நடந்தார்கள். வழியில் கொள்ளை இல்லை. எதிரி பக்கம் போகிறோம் என்ற பேச்சும் இல்லை.

நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கிளிண்டனுக்குச் செய்தி போனதும், பாக்கிச் சம்பளத்தை நான் தருகிறேன், ஆயுதத்தைப் போட்டால் போதும் என்று ஆள் அனுப்பினார். ஜான் மேசன் என்பவரும் வழிகாட்டி ஜேம்ஸ் ஆக்டனும் வந்தார்கள். சார்ஜெண்டுகள் இருவரையும் பிடித்து ஒப்படைத்துவிட்டார்கள். ஜனவரி 11 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். காட்டிக்கொடுத்ததற்காகப் பென்சில்வேனியா நிர்வாகத் தலைவர் ஜோசப் ரீட் இரண்டு சார்ஜெண்டுகளுக்குத் தங்க கினி பரிசளிக்கப் போனார். ஒரு வருஷமாகச் சம்பளம் காணாதவர்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பேச்சுவார்த்தையில் அவர்கள் கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. 20 டாலர் வாங்கி மூன்று வருஷம் முடித்தவனுக்கு விடுதலை. சேர்ப்பு ஒப்பந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் சிப்பாய் சத்தியம் செய்தால் போதும். 1,300 பேருக்கு மேல் சத்தியம் செய்து வெளியே போனார்கள். காகிதங்கள் பிறகு வந்து சேர்ந்தன. பார்த்தால், அவர்களில் பலர் போர் முடியும்வரை என்று கையெழுத்துப் போட்டவர்கள்!

பழைய பில் கிளார்க்

ஆவணம் நேரத்துக்கு வராததால் 1,300 பேர். நான் சொன்னேனா இல்லையா.

மருதநிலவன்

பொருநை அண்ணே, அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதைத் தொழிலாளர் போராட்டமாகக் காட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. போர்க்களத்தில் ஆயுதத்தோடு கிளம்புவது கலகம்தான். அடுத்து என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே மாதம் 20-ஆம் தேதி நியூஜெர்சி படைப்பிரிவும் பாம்ப்டனில் கிளம்பியது. பென்சில்வேனியாவுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்ற கணக்கு. இந்த முறை வாஷிங்டன் பேச்சுவார்த்தைக்கு வழி விடவில்லை. வெஸ்ட் பாயிண்டிலிருந்து ராபர்ட் ஹோவ் தலைமையில் சுமார் 500 பேரை அனுப்பினார். 27-ஆம் தேதி விடியற்காலையில் முகாமைச் சுற்றி வளைத்தார்கள். டேவிட் கில்மோர், ஜான் டட்டில் என்ற இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட வைத்தது கலகத்தில் முன்நின்ற அவர்களுடைய கூட்டாளிகளையே.

கொடுமைதான். ஆனால் அன்று அது நடக்காமல் இருந்திருந்தால் பிப்ரவரியில் ஒரு படை மிஞ்சியிருக்குமா?

பொருநை

மருதநிலவன், கலகம் என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தை முதலில் முறித்தது யார்? சுடப்பட்ட இருவருக்கும் அரசு தர வேண்டிய பாக்கி அன்றைக்கும் அப்படியே நின்றது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1781 மே மாதம் வெய்ன் தன் மிச்சப் படையை வர்ஜீனியாவுக்குக் கூட்டிப்போகும் முன், யார்க் என்ற ஊரில் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மதிப்பிழந்த நோட்டு. உண்மையான காசு கொடு என்று முணுமுணுத்தவர்களில் சிலரை வெய்ன் அங்கேயே சுடவைத்தார். ஜனவரியில் வெள்ளைக் கொடி, மே மாதத்தில் துப்பாக்கி. பாக்கி மட்டும் மாறவில்லை.

கடற்காகம்

அப்படியானால் ஆகஸ்டில் வாஷிங்டன் ஏன் அவ்வளவு பதறி மாரிஸுக்கு எழுதினார் என்று புரிகிறது. மூன்று கலகம் பார்த்தாயிற்று. தெற்கே 400 மைலுக்கு மேல் நடக்க வேண்டும்.

மருதநிலவன்

நான்கு. 1780 மே மாதம் மாரிஸ்டவுனில் கனெக்டிகட்காரர்கள் எழுந்ததை விட்டுவிட்டீர்கள். ஐந்து மாதப் பாக்கி, அதோடு சில நாளாக இறைச்சியும் இல்லை. உங்கள் மார்ட்டின் அங்கேயும் இருந்தார்.

வைகறை

இடையில் ஒரு சின்ன விஷயம். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ்தான் ஐந்து வருஷம் கழித்து கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, திப்புவோடு சண்டை போட்டவர். அவருடைய சிப்பாய்களுக்கு மட்டும் சம்பளம் நேரத்துக்குப் போனதா?

இழை நடத்துநர்

வைகறை, கம்பெனிப் படைகளின் சம்பளத்துக்குத் தனி இழை திறங்கள். இங்கே அமெரிக்கா மட்டும்.

செங்காந்தள்

மாரிஸைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். நான் அவருடைய ரசிகை இல்லை. ஆனால் எல்லாப் பழியையும் அவர் மேல் போடுவது நியாயம் இல்லை. 1782-க்கு மாநிலங்களிடம் 80 லட்சம் டாலர் கேட்டார்கள். அந்த வருஷம் முழுக்க வந்தது சுமார் 4.2 லட்சம். நூற்றுக்கு ஐந்து ரூபாய்! அதை வைத்து என்ன செய்வார்? முதலில் சோறு, பிறகு துணி, கடைசியில் சம்பளம் என்று வரிசை போட்டார். பட்டினி போட்டால் படை உடனே கலையும். சம்பளம் போடாவிட்டால் கொஞ்சம் தாமதமாகக் கலையும் என்பதுதான் கணக்கு.

நிரந்தர வருமானத்துக்கு ஒரு வழி இருந்தது. இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து வரி. 1781 பிப்ரவரியிலேயே காங்கிரஸ் கேட்டது. பதின்மூன்று மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1782 நவம்பரில் ரோட் ஐலண்ட் முடியாது என்றது. பின்னாலேயே வர்ஜீனியா கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. கடற்காகம் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். துறைமுகத்தில் காசு இருந்தது. அதை எடுத்துப் படைக்குக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை, கொடுக்கவும் மனம் இல்லை.

மருதநிலவன்

அதிகாரம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே படையின் பசியை மாரிஸ் கூட்டம் ஆயுதமாக்கியது என்ற குற்றச்சாட்டும் உண்டே. நியூபர்க் முகாமில் நடந்த விவகாரம்.

1782 டிசம்பரில் ஜெனரல் மெக்டூகல், கர்னல்கள் புரூக்ஸ், ஆக்டன் மூவரும் அதிகாரிகளின் மனுவைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1780-இல் அதிகாரிகளுக்கு ஆயுள் முழுக்க அரைச் சம்பளம் என்று காங்கிரஸ் வாக்குக் கொடுத்திருந்தது. அது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. அங்கே வரி வேண்டும் என்று துடித்தவர்கள், படையோடு சேர்ந்து மிரட்டினால் மாநிலங்கள் பணியும் என்று நினைத்தார்கள். 1783 மார்ச் 10 அன்று முகாமில் பெயரில்லாத ஒரு துண்டறிக்கை வந்தது: சமாதானம் வந்தால் ஆயுதத்தைக் கீழே வைக்காதே என்று. எழுதியவர் ஜெனரல் கேட்ஸின் உதவியாளர் மேஜர் ஜான் ஆம்ஸ்ட்ராங். 15-ஆம் தேதி வாஷிங்டன் வந்து பேசினார், கடிதம் ஒன்றைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார், இந்தப் பணியில் கண்ணும் மங்கிவிட்டது என்றார், அதிகாரிகள் கண்கலங்கினார்கள்.

கண்ணாடிக் கதையை எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, மார்ச் 22 அன்று, ஆயுள் அரைச் சம்பளத்துக்குப் பதிலாக ஐந்து வருஷ முழுச் சம்பளத்தை நூற்றுக்கு ஆறு வட்டிப் பத்திரமாகத் தருவதாகக் காங்கிரஸ் வாக்களித்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கண்ணீர் மட்டும் போதவில்லை.

பொருநை

அது அதிகாரிகளுக்கு. கடைசிவரை இருந்த சிப்பாய்க்கு 1778-இல் சொன்ன வெகுமதி 80 டாலர், மொத்தமாக. இந்த வித்தியாசத்தை எத்தனை பேர் கவனிக்கிறீர்கள்?

1783 கோடையில் அவர்களை அனுப்பிய விதமும் சரியில்லை. சமாதானம் வந்தாயிற்று, ஆனால் கணக்கு முடிக்கப் பணம் இல்லை. படையைக் கலைத்தால் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அதனால் மே 26 அன்று "விடுப்பு" கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு மாரிஸ் தன் சொந்தப் பொறுப்பில் நோட்டு எழுதினார், ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று. ஆயிரக்கணக்கான நோட்டுகளில் அவரே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு முகாமுக்கு வந்து சேர்வதற்குள் பலர் துப்பாக்கியை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்கள்.

ஜூன் 21 அன்று பிலடெல்பியாவில் சில நூறு சிப்பாய்கள் பாக்கி கேட்டுக் காங்கிரஸ் கூடும் மண்டபத்தைச் சுற்றி நின்றார்கள். பென்சில்வேனியாத் தலைவர் ஜான் டிக்கின்சன் உள்ளூர்ப் படையைக் கூப்பிட மறுத்துவிட்டார். காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு ஓடியது. தலைநகருக்கென்று எந்த மாநிலத்துக்கும் சேராத தனி நிலம் வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் பிறகு எழுதி வைத்ததற்கு இந்த ஓட்டம் ஒரு பெரிய காரணம்.

கடற்காகம்

வாஷிங்டன் நகரமே சம்பள பாக்கியில் முளைத்ததா!

பழைய பில் கிளார்க்

இப்போது ஜான் பியர்ஸுக்கு வருகிறேன். எனக்கு இந்த மனிதர் மேல் பெரிய மரியாதை.

போர் முடிந்ததும் ஒவ்வொரு சிப்பாயின் கணக்கையும் முடிக்க வேண்டிய வேலை இவர் தலையில் விழுந்தது. எப்போது சேர்ந்தான், எவ்வளவு வாங்கினான், எந்த மாதம் எந்த மதிப்பில் வாங்கினான், துணிக்கு எவ்வளவு பிடித்தம் எல்லாம். மீதி எவ்வளவோ அதற்கு ஒரு பத்திரம், வட்டி நூற்றுக்கு ஆறு. பியர்ஸ் பத்திரம் என்றே பெயர். மொத்தம் சுமார் 1.1 கோடி டாலருக்கு எழுதினார். பாதிப் பட்டியல் தொலைந்துபோன படைக்கு இதைச் செய்து முடித்தார் என்றால், பட்டியல் போட்டவனுக்குத்தான் அதன் பாடு தெரியும்.

ஆனால் வட்டியைக் காசாகத் தர அரசிடம் காசு எங்கே? சிப்பாய் என்ன செய்வான்? வீட்டில் வரி பாக்கி, கடையில் கடன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் டாலருக்குப் பத்து, பதினைந்து காசு என்று கேட்பார்கள். விற்றார்கள். நிலப் பத்திரமும் அப்படியே போனது. சாதாரணச் சிப்பாய்க்கு 100 ஏக்கர் என்று வாக்கு. நிலத்தைக் கண்ணால் பார்க்காமலே விற்றவர்கள் ஏராளம்.

செங்காந்தள்

வாங்கியவர்களில், பின்னால் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயிலும் உண்டு. கணவர் நிலம் வாங்கச் சொன்னார். அம்மையார் அரசுப் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்த்தார், நல்ல லாபம் பார்த்தார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்றவன் யார் என்று நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

மாசசூசெட்ஸில் 1786-87-இல் எழுந்த ஷேஸ் கலகத்துக்கும் இதுதான் எண்ணெய். பத்திரம் வைத்திருப்பவனுக்கு வட்டி தர மாநிலம் வரி போட்டது. அந்த வரியைக் கட்ட முடியாமல் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டவர்களில் அதே பத்திரத்தை விற்ற பழைய சிப்பாய்கள் இருந்தார்கள். தலைவராக நின்ற டேனியல் ஷேஸ் படையில் கேப்டனாக இருந்தவர். அமெரிக்கப் படையில் சேர்ந்த பிரெஞ்சு ஜெனரல் லஃபாயெட் பரிசளித்த வாளையே காசுக்காக விற்றவர்.

மருதநிலவன்

இதற்கு 1790-இல் ஒரு தீர்வு மேஜைக்கு வந்ததே. கருவூலச் செயலாளர் ஹாமில்டன் ஜனவரியில், பத்திரத்தை இன்று யார் வைத்திருக்கிறாரோ அவருக்கு முழு மதிப்பு என்றார். பிப்ரவரியில் காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன், வேண்டாம், வாங்கியவருக்குச் சந்தையில் எட்டிய உச்ச விலையைக் கொடுப்போம், மீதியை முதலில் பெற்ற சிப்பாய்க்குக் கொடுப்போம் என்றார். ஓட்டெடுப்பில் 36-க்கு 13 என்று மேடிசன் தோற்றார்.

மனசு மேடிசன் பக்கம் போகும். ஆனால் அரசு எழுதிக் கொடுத்த பத்திரம் கைமாறிய பிறகு செல்லாது என்றால் அடுத்த முறை அரசுக்கு யார் கடன் தருவார்கள்? கடன் கிடைக்காத அரசு அடுத்த படைக்கு எப்படிச் சம்பளம் போடும்? கசப்பாக இருந்தாலும் ஹாமில்டன் செய்தது சரி.

பொருநை

விஷயம் தெரிந்தவர்கள் சட்டம் நிறைவேறுவதற்கு முன்னாலேயே கப்பலில் ஆள் அனுப்பி, தெற்கே செய்தி போகாத ஊர்களில் பத்திரம் வாங்கினார்கள். மூன்று கப்பல் கிளம்பிவிட்டன என்று ஜார்ஜியா உறுப்பினர் ஜேம்ஸ் ஜாக்சன் அவையிலேயே கொதித்தார். கைமாறியது என்று நீங்கள் சொல்வதில் இதுவும் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு எழுதினோம் என்று பியர்ஸின் பதிவேட்டில் இருந்தது. அசல் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்ற சாக்கை நான் ஏற்கவில்லை.

மருதநிலவன்

அவன் வாரிசு எங்கே, செத்தானா இருக்கிறானா, எந்த ஊர்? பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது. பில் கிளார்க் சாரைக் கேளுங்கள்.

பழைய பில் கிளார்க்

என்னை இழுக்கிறீர்கள். முடிந்திருக்கும். ஆனால் பத்து வருஷம் ஆகியிருக்கும். அதில் கமிஷன் அடிக்கிற தரகர் கூட்டம் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கும். அப்படியும் சிப்பாய்க்கு ஏதோ வந்திருக்கும். இந்த வழியில் ஒன்றுமே வரவில்லை. நான் மேடிசனுக்கு ஓட்டுப் போட்டிருப்பேன்.

வைகறை

புதிய அரசியல் சட்டம் வந்து, வரி அதிகாரமும் வந்த பிறகு நிலைமை சரியாகிவிட்டதா?

செங்காந்தள்

காசு வந்தது, தூரம் குறையவில்லை. 1790 சட்டப்படி சிப்பாய்க்கு மாதம் 3 டாலர். துணிக்கு 90 காசு, மருந்துக்கு 10 காசு பிடித்தம், கையில் 2 டாலர். புரட்சிக் காலத்துக்குக் காகிதத்திலாவது 6⅔ இருந்தது! 1791 நவம்பர் 4 அன்று செயிண்ட் கிளேர் தலைமையில் ஓஹையோப் பகுதியில் சென்ற படை பூர்வகுடிகளிடம் தோற்று 600 பேருக்கு மேல் செத்தது இப்படிச் சேர்த்த ஆட்களை வைத்துத்தான்.

அடுத்த வருஷம் விழித்துக்கொண்டார்கள். படை இருக்கும் இடத்திலேயே ஒரு பேமாஸ்டர் இருக்க வேண்டும் என்று 1792-இல் சட்டம் வந்தது. கேலப் ஸ்வான் நியமனம் ஆனார். புதிய படையின் தலைவர் யார் தெரியுமா? பழைய அந்தோணி வெய்ன். பணம் பிலடெல்பியாவில், கணக்கர்கள் பிலடெல்பியாவில், படை மலைகளுக்கு அப்பால். பட்டியல் அங்கே போய், ஆட்சேபணையோடு திரும்பி, மறுபடி போய், பணம் ஆற்று வழியாக வர மாதக்கணக்கில் ஆனது. வந்த அன்றே கேண்டீன் வியாபாரி கடன் நோட்டோடு வரிசையில் நிற்பான்.

கடற்காகம்

1802 படைச் சட்டத்தில் ஒரு வரி பார்த்தேன்: பாக்கி எந்தக் காலத்திலும் இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது, சூழ்நிலையால் தவிர்க்க முடியாவிட்டால் ஒழிய. இது வேலை செய்ததா?

பழைய பில் கிளார்க்

"ஒழிய" என்ற சொல்லில்தான் எல்லாச் சட்டமும் குடியிருக்கிறது, தம்பி.

மருதநிலவன்

சமாதான காலத்தில் ஓரளவு. பிரிட்டனோடு 1812 போர் வந்ததும் பழைய கதை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பாக்கி ஏறியது. அரசுக்குக் கடன் தரக்கூடிய தேசிய வங்கியின் உரிமத்தை 1811-இல்தான் காலாவதியாக விட்டிருந்தார்கள். 1814 ஆகஸ்டில் தலைநகரமே எரிந்தது; நவம்பரில் கருவூலத்தால் பாஸ்டனில் கடன் வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. சிப்பாய் எந்த மூலைக்கு?

பொருநை

கடற்காகம் தொடங்கிய மார்ட்டினைப் பற்றி ஒரு தகவல் விட்டுப்போயிற்று. 1818-இல் ஏழைப் பழைய சிப்பாய்களுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் என்று சட்டம் வந்தது. அதற்கு ஏழை என்று நிரூபிக்க வேண்டும். மேய்ன் மாநிலத்தில் இருந்த மார்ட்டின் தன் சொத்தாகக் காட்டியது: இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. நிலம் இல்லை. பணக்காரன், ஏழை பார்க்காமல், ஆறு மாதமாவது பணி செய்த எல்லாருக்கும் ஓய்வூதியம் என்றது 1832 சட்டம். அதற்குள் போர் முடிந்து அரை நூற்றாண்டு.

வைகறை

அப்படியானால் சம்பளம் எப்போதுதான் ஒழுங்காக வரத் தொடங்கியது? யாராவது தேதி சொல்லுங்களேன்.

செங்காந்தள்

ஒரு தேதி சொல்ல முடியாது. 1816 ஏப்ரலில் சம்பளத் துறையை ஒழுங்குபடுத்தி, ரெஜிமெண்டுக்கு ஒரு பேமாஸ்டர் என்று போட்டார்கள். 1819-இல் நேதன் டவ்ஸன் என்ற பீரங்கிப் படை அதிகாரி தலைமைப் பேமாஸ்டர் ஆனார். 1812 போரில் களத்தில் நின்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் துறையை அவர்தான் பார்த்துக்கொண்டார், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. பால்ஃப்ரே, பியர்ஸ், ஸ்வான் யாருக்கும் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது: பின்னால் வரி வசூலிக்கும் ஒரு கருவூலமும், கணக்கைச் சீர்செய்ய வருஷக்கணக்கில் அவகாசமும். அவரைப் பற்றி எழுதுவதென்றால் தனி இழைதான் வேண்டும். பில் கிளார்க் சார் தொடங்கினால் நான் வருகிறேன்.

பழைய பில் கிளார்க்

தொடங்குகிறேன். பொங்கல் கழியட்டும்.